முப்பத்தாறு ஆமா

கோகிலவாணி நொய்யல் மறுவாழ்வு மையத்தில் வேலைக்குச் சேர்ந்தது பழிவாங்குவதற்காகத்தான். நேர்காணலில் ஏன் இந்த வேலைக்கு வருகிறீர்கள் என்று கேட்டபோது, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை, படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்ட பழக்கம் உண்டு என்றாள். இரண்டாவது சொன்னது உண்மை. அவள் கணவர் பூபதி அதே மையத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் நான்கு மாதம் கிடந்தவர். அங்கிருந்து பின்கட்டடத்துக்கு அனுப்பப்பட்டு ஐம்பத்திரண்டாம் நாள் செத்துப்போனவர்.

வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் செக்கிங்கில் இருந்து ஓய்வு பெற்றிருந்தாள். தையல் முழுக்க இயந்திரக் கைகளுக்குப் போய்விட்ட பிறகும், கடைசியாகத் துணியை விரித்துப் பார்க்கிற கண் மனிதக் கண்ணாகவே இருந்த காலம் அது. பூபதி நிட்டிங் மாஸ்டர். ஒரு திங்கட்கிழமை காலையில் இட்லிக்கு நடுவே அவர் கையிலிருந்து தம்ளர் நழுவியது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போய், ஒரே ஒரு சொல் மிஞ்சியது.

அந்தச் சொல் 'ஆமா'. பசிக்குதா என்றால் ஆமா. பசிக்கலையா என்றாலும் ஆமா. மூளையில் அடிபட்ட இடம் அப்படி, சொல்ல நினைப்பது ஒன்று, வாயில் வருவது அந்த ஒரே சொல் என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண் விளக்கினாள். வேண்டாம் என்பதை அவர் எப்படிச் சொல்கிறார் என்று கோகிலவாணி ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். இடது கை விரலால் போர்வையைச் சுரண்டுவார். வாய் ஆமா ஆமா என்றுகொண்டிருக்கும்.

அந்த மையத்தில் நலமானி என்று ஒன்று இருந்தது. ஒரு மேசை, ஒரு திரை, ஒரு பெண் குரல். பக்கவாதம் வந்தவர்களிடம் அது முப்பத்தாறு கேள்வி கேட்கும். உடை மாற்றுவது சிரமமாக இருக்கிறதா, பிறருக்குப் பாரமாக இருப்பதாகத் தோன்றுகிறதா, இரவில் கவலை வருகிறதா என்று எல்லாமே குறையைக் கேட்கும் கேள்விகள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் நூறு மதிப்பெண், எல்லாவற்றுக்கும் ஆமா என்றால் பூஜ்யம். இரண்டு வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் இருபதுக்குக் கீழே வந்தால், அவருக்குச் சிகிச்சையில் விருப்பமில்லை என்று பொருள். அவரைப் பின்கட்டடத்துக்கு மாற்றுவார்கள். அதற்கு அமைதி இல்லம் என்று பெயர். அங்கே சாப்பாடு நன்றாக இருக்கும், பாட்டு போடுவார்கள். நடைப்பயிற்சி கிடையாது, பேச்சுப் பயிற்சி கிடையாது, இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசியும் கிடையாது.

நலமானியை உருவாக்கியவர் டாக்டர் ஜெயசீலன். அதற்கு முன்பெல்லாம் எப்போது நிறுத்துவது என்று குடும்பத்தார் முடிவு செய்தார்கள். கைவிட நினைத்தவர்கள் சீக்கிரம் கைவிட்டார்கள், விட மனமில்லாதவர்கள் நோயாளியைப் படாத பாடு படுத்தினார்கள். படுத்திருப்பவரின் வாயிலிருந்தே பதில் வரட்டும் என்று அவர் நினைத்தார். நினைப்பில் தவறில்லை. 'நோயாளியின் சொல்லே கடைசிச் சொல்' என்று வரவேற்பறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

கேள்வி நேரத்தில் உறவினர்கள் உள்ளே இருக்கக்கூடாது. கோகிலவாணி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று எண்ணினாள். முப்பத்தாறு ஆமா. 'இந்தச் சிகிச்சையைத் தொடர்வது உங்களுக்குச் சுமையாக இருக்கிறதா' என்பது கடைசிக் கேள்வி. அதற்கும் ஆமா என்று சொல்லிவிட்டு, பூபதி இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் கழித்தும் அதேதான் நடந்தது.

அவள் டாக்டரைப் போய்ப் பார்த்தாள். அவர் அவளை உட்காரச் சொன்னார், பொறுமையாகக் கேட்டார், பிறகு திரையைத் திருப்பிக் காட்டினார்.

"அம்மா, ரெண்டு தடவை கேட்டிருக்கோம். முப்பத்தாறு கேள்விக்கும் ரெண்டு தடவையும் ஒரே பதில். சும்மா உளர்றவங்களுக்கு இப்படி வராது. இதைவிட நம்பகமான பதிலை நான் பார்த்ததில்ல."

"டேப்பு நுனியில ஒரு இஞ்சு வெட்டுப்பட்டிருந்தா எத்தனை தடவை அளந்தாலும் அதே தப்பான அளவைத்தானுங்க காட்டும்" என்றாள் அவள். "அதுக்காக அது சரியான அளவாயிருமா?"

அவர் புன்னகை செய்தார். நாலாயிரம் பேரிடம் சோதித்துப் பார்த்த கருவி இது, துணிக்கடை டேப்பு இல்லை என்றார். கடிகாரத்தைப் பார்த்தார்.

மேல்முறையீட்டுக்கு எழுதினாள். சுவரில் இருந்த வாசகத்தையே பதிலாக அச்சடித்து அனுப்பினார்கள். அமைதி இல்லத்தில் பூபதி ஐம்பத்திரண்டு நாள் போர்வையைச் சுரண்டிச் சுரண்டி அதில் ஒரு ஓட்டை போட்டிருந்தார். இன்னொரு இரத்தக்கட்டி மூளைக்குப் போனது என்று சான்றிதழில் இருந்தது.

அவள் இரண்டு வருடம் பொறுத்திருந்தாள். பிறகு அதே இரண்டாம் மாடிக்குப் பராமரிப்பு உதவியாளராக வந்தாள். முதல் நாளே டாக்டர் ஜெயசீலன் எதிரில் வந்தார். அவர் புதுசா என்று கேட்டு, பேரைக் கேட்டு, நல்லது கோகிலாம்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அவளை நினைவில்லை. பிடிபடக்கூடாது என்றுதான் அவள் வேண்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆனாலும் அவர் தன்னை மறந்துபோனதற்காக அவரை இன்னொரு தடவை வெறுத்தாள்.

தினமும் பதினொரு மணிக்கு அவருக்கு டீ கொண்டுபோகும் வேலை அவளுக்கு வந்தது. ஆரம்பத்தில் அவள் மனதில் ஓடியதெல்லாம் மட்டமான எண்ணங்கள். டீயில் எதையாவது கலக்கலாம். தரை துடைக்கும் கட்டையால் அந்தத் திரையை அடித்து உடைக்கலாம். ஆனால் உடைத்தால் மறுநாள் இன்னொரு திரை வரும் என்பது அவளுக்குத் தெரியும். கம்பெனியில் ஒரு கருவியை யாரும் உடைத்துத் தூக்கிப் போட்டதில்லை. அதன் மேல் நம்பிக்கை போனால்தான் தூக்கிப் போடுவார்கள்.

அதனால் அவள் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். டாக்டருக்கு விளக்கிச் சொல்வதில் பிரியம். மனைவி இறந்தவர், பிள்ளைகள் வெளிநாட்டில். டீ ஆறும் வரை பேசுவார். ஒவ்வொரு வருடமும் சென்னையிலிருந்து தரச்சான்றுக் குழு வரும், இந்த மாடியில் இருக்கும் நாற்பது பேருடைய முதல் பதிலையும் இரண்டாம் பதிலையும் ஒப்பிட்டு ஒரு எண் போடும் என்றார். ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் கருவி நம்பகமானது. புள்ளி ஏழுக்குக் கீழே போனால் மாநிலம் முழுக்க நலமானியை நிறுத்திவிடுவார்கள். ஆனால் போகாது என்றார். போன வருடம் புள்ளி ஒன்பது ஒன்று.

அந்த வருடம் அவள் முதல் முயற்சி செய்தாள். நம்பிக்கையான எட்டுப் பேரைப் பிடித்து, முதல் முறை ஒன்று சொல்லுங்கள், இரண்டாம் முறை தலைகீழாகச் சொல்லுங்கள் என்றாள். அவர்களும் சொன்னார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். எண் புள்ளி ஒன்பது நான்காக ஏறியிருந்தது.

"எட்டுப் பேர் மாத்தி மாத்திச் சொன்னாங்க" என்றார், டீயை உறிஞ்சிக்கொண்டே. "அவங்களை நம்பகமில்லாதவங்கன்னு கணக்குல இருந்து எடுத்துட்டோம். எடுத்ததும் எண்ணு ஏறிருச்சு."

அவள் கையில் மைசூர்பாகு இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைத் தின்றாள்.

அடுத்த பல மாதம் அவள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். மாற்றிச் சொல்கிறவர்களைத் தூக்கி எறிகிறார்கள். மாற்றாமல் சொல்கிறவர்களைத் தூக்க முடியாது. முப்பத்தாறும் ஆமா என்று சொன்னாலும் இரண்டு முறையும் அப்படியே சொன்னால் அதைவிட நம்பகமான பதில் இல்லை என்று அவளிடமே சொன்ன மனிதர் அவர்.

கம்பெனியில் நடந்த ஒன்று அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. துணியின் கனம் பார்க்கும் புதுக் கருவி ஒன்றைச் சோதிக்க, விவரம் தெரியாத ஒரு பெண் ஒரே ரோலிலிருந்து நாற்பது துண்டு வெட்டிக் கொடுத்துவிட்டாள். கருவி நாற்பதுக்கும் ஒரே எடை காட்டியது. அது நல்ல கருவியா, முள் மாட்டிக்கொண்ட கருவியா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கனமும் மெல்லிசுமாகக் கலந்து கொடுத்தால்தானே அது வித்தியாசம் காண்கிறதா என்று தெரியும்?

மறுநாள் டீயோடு போய், ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள். நாற்பது பேரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டால் அந்த எண் என்ன ஆகும்?

அவர் சிரித்தார். "கணக்கே வராதும்மா. ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்தாத்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். நாப்பது பேரும் ஒண்ணாச் சொன்னா பூஜ்யம்னுதான் வைக்கணும். ஒருத்தர் மட்டும் வேற மாதிரி சொன்னாக்கூடப் போதும், எண்ணு ஏறிரும். ஆனா நாப்பது மனுஷங்க ஒரே மாதிரி கஷ்டப்பட மாட்டாங்க, கோகிலாம்மா. அது நடக்காது."

நடக்க வைக்க அவளுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. முபாரக் இருந்தான். நாற்பத்தாறு வயது எலக்ட்ரீசியன், ஏணியில் நின்றிருந்தபோது பக்கவாதம் வந்து விழுந்தவன். பேச்சு தப்பித்தது, வலது கால் மட்டும் வரவில்லை. நடைக்கூடு என்று அங்கே ஒரு இரும்புக் கூடு உண்டு. காலைச் சுற்றிக்கொண்டு அதுவே நடத்தும், நடத்தி நடத்தி மூளைக்கு நடையை மறுபடி சொல்லிக்கொடுக்கும். அதில் ஏறி ஏறி முபாரக் மூன்று வாரத்தில் கூடு இல்லாமலே நடந்துவிடுவான் என்று பிசியோ சொல்லியிருந்தார். மாடியில் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும்.

கோகிலவாணி அவனிடம் பூபதியைப் பற்றி முழுதாகச் சொன்னாள். அந்த இடத்தில் அவள் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அவனுடைய பக்கத்துக் கட்டில்காரரும் போன மாதம் அதே மாதிரி ஆமா ஆமா என்றே பின்கட்டடத்துக்குப் போனவர். அவன் கேட்டான்.

"பூஜ்யம் வாங்கினா நம்ம எல்லாரையும் பின்னாடி அனுப்பிருவாங்களே அக்கா?"

"நாப்பது பேரை எப்படித் தம்பி அனுப்புவாங்க? குழுக்காரங்க கண்ணு முன்னாடி எல்லாம் வெளிச்சமாயிரும். ரெண்டு நாள்ல நிறுத்திருவாங்க."

அது அவளுக்குத் தெரியாது. தெரிந்தது போலச் சொன்னாள்.

முபாரக் சக்கர நாற்காலியில் கட்டில் கட்டிலாகப் போய்ப் பேசினான். பேச முடியாதவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்தாள். கஷ்டமே இருக்கவில்லை, அவர்களில் பலருக்கு அந்த ஒரு சொல்தான் வாயில் வரும். முப்பத்தொன்பது பேர் ஒத்துக்கொண்டார்கள். கனகசபாபதி மட்டும் மறுத்தார். ஓய்வு பெற்ற வட்டாட்சியர், எழுபது வயது. வாழ்க்கையில் பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை, எனக்கு இல்லாத கஷ்டத்தை இருக்கு என்று சொல்லமாட்டேன் என்றார்.

அந்த ஒருவர் போதும், எண் ஏறிவிடும். கோகிலவாணி அவரிடம் கெஞ்சவில்லை. அவர் மணி அடித்தால் மூத்திரப் பாத்திரம் எடுத்துக்கொண்டு ஓடி வருவது அவள் வேலை. இரண்டு நாள் அவள் மெதுவாக வந்தாள். மூன்றாம் நாள் வரவேயில்லை. படுக்கை நனைந்து ஒரு மணி நேரம் கழித்துப் போய் நின்றபோது, அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஆமான்னே சொல்லிடறேன். துணியை மாத்திவிடும்மா."

மாற்றிவிட்டாள். பூபதிக்கு யார் துணி மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

சோதனை நடந்த இரண்டு நாளும் கண்ணாடிக் கதவு வழியாக அந்த ஒரே சொல் வந்துகொண்டேயிருந்தது. தடித்த நாக்கில், குழறிய நாக்கில், தெளிவான நாக்கில். பத்தாவது ஆள் வந்தபோது டாக்டர் ஜெயசீலன் அறையை விட்டு வெளியே வந்தார். இருபதாவது ஆள் வந்தபோது சுவரில் சாய்ந்து நின்றார். கோகிலவாணி துடைத்த தரையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்துக்காக அவள் நாலு வருடம் காத்திருந்தாள். இரண்டு வாரம் கழித்து மறுபடி நாற்பது பேரும் முப்பத்தாறு முறை ஆமா என்றார்கள். குழுவின் தாளில் எண் போடும் இடத்தில் பூஜ்யம் விழுந்தது.

அன்று மத்தியானமே நடைக்கூடுகள் பூட்டிக்கொண்டன.

யாரும் உத்தரவிடவில்லை. நாற்பது பேரும் இரண்டு முறையும் இருபதுக்குக் கீழே, ஆகவே நாற்பது பேருக்கும் சிகிச்சையில் விருப்பமில்லை. கூடுகளும் ஊசிப் பெட்டியும் நலமானியின் பேச்சைத்தான் கேட்கும், அது தன் வேலையைச் செய்தது. இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி இருந்த பெட்டியும் நாற்பது பேருக்குத் திறக்க மறுத்தது. பின்கட்டடத்தில் இடம் இல்லாததால் ஆட்களை மட்டும் மாற்றவில்லை.

டாக்டர் சென்னைக்குப் போன் செய்தார். மறுநாளும் செய்தார். அவர் கையெழுத்துப் போட்டாவது திறக்க முடியாதா என்று பிசியோ கேட்டபோது, அப்படி ஒரு வழியை நான் வைக்கவேயில்லை என்றார். நோயாளியின் சொல்லுக்கு மேல் டாக்டரின் சொல் வரக்கூடாது என்பதற்காகவே வைக்கவில்லையாம். குழு நாற்பத்தோராம் நாள் கூடுவதாகத் தேதி கொடுத்தது.

முதல் வாரம் மாடியில் ஒரு உற்சாகம் இருந்தது. இரண்டாம் வாரம் குறைந்தது. முபாரக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே நின்று பார்த்தான், இரண்டு அடி வைத்தான். ரெண்டு நாள்ல நிறுத்திருவாங்கன்னு சொன்னீங்களே அக்கா என்று ஒரே ஒரு முறை கேட்டான். அவள் ஊசிக்காக வெளியே இரண்டு ஆஸ்பத்திரியில் அலைந்தாள். மையத்தின் அனுமதி இல்லாமல் யாரும் கொடுக்கவில்லை. இருபத்து மூன்றாம் நாள் காலையில் அவள் காப்பி கொண்டுபோனபோது முபாரக்கின் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

பிழைத்தான். வலது பக்கம் முழுதாகப் போயிற்று. பேச்சும் போயிற்று. மறுநாள் அவன் மனைவி சபீனா, என்னைத் தெரியுதா என்று கேட்டாள். ஆமா என்றான். அவள் அழுது, அல்லாவுக்கு நன்றி சொன்னாள். பிறகு, நான் யாரு சொல்லுங்க, என்றாள். ஆமா என்றான்.

குழு கூடியது. நலமானியை மாநிலம் முழுக்க நிறுத்தியது. டாக்டர் ஜெயசீலனைப் பொறுப்பிலிருந்து எடுத்தது. கோகிலவாணி கேட்டதெல்லாம் நடந்தது. அறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது: நாற்பது பேர் சேர்ந்து பொய் சொல்ல முடியும் என்று தெரிந்துவிட்டதால், இனி நோயாளிகளின் பதிலை நம்புவதற்கில்லை.

கிளம்பும் நாளில் டாக்டர் டீ கேட்டனுப்பினார். அறையில் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கியிருந்தார். மேசை மேல் ஒரு பழைய கடிதம் விரித்து வைத்திருந்தது. பூபதிக்காக அவள் எழுதிய மேல்முறையீடு, கீழே அவள் கையெழுத்து.

"டேப்பு நுனி வெட்டுப்பட்ட கதையை ஒருத்தங்க சொன்னது எனக்கு ஞாபகம் இருந்துச்சு" என்றார். "யாருன்னுதான் தெரியல. முப்பத்தாறு ஆமா சொன்ன பழைய ஆளுங்க யாருன்னு தேடிப் பார்த்தேன்."

"ஞாபகம் வர நாலு வருஷம் ஆச்சுங்களா" என்றாள் அவள்.

அவர் போலீசுக்குப் போகப் போவதில்லை என்றார். முபாரக் விஷயத்தில் உங்கள் பங்கு என்ன என்று யாரிடமும் சொல்லவில்லை, சபீனாவிடமும் சொல்லவில்லை என்றார். குழு அவரிடம் கடைசியாக ஒரு யோசனை கேட்டதாம், இனி நோயாளிக்குப் பதில் யார் சொல்வது என்று.

"அவங்களோட அதிக நேரம் இருக்கிறவங்க சொல்லட்டும்னு எழுதிக் குடுத்தேன். உங்க பேரைக் குடுத்திருக்கேன். ஒத்துக்கிட்டாங்க."

அவள் டீத்தட்டை மேசையில் வைத்தாள். எல்லோருக்கும் சிகிச்சை வேண்டும் என்றே எழுதுவேன் என்றாள்.

"இந்த மாடிக்கு நடைக்கூடு இருபத்துநாலு. தினமும் ஏறினாத்தான் பலன். நாப்பது பேருக்குப் பங்கு வச்சா யாரும் எழுந்திரிக்க மாட்டாங்க. இருபத்துநாலுக்கு மேல எழுதினா தாளைத் திருப்பி அனுப்பிருவாங்க." அவர் பெட்டியை மூடினார். "இருபது மதிப்பெண்ணுன்னு ஏன் வச்சேன்னு நீங்க ஒருநாளும் கேக்கலையே. அங்க கோடு போட்டாத்தான் இருபத்துநாலு பேர் மிஞ்சினாங்க. வேற காரணம் ஒண்ணும் இல்ல."

அவள் மேசை மேல் இருந்த தன் கடிதத்தை எடுத்து மடித்தாள்.

"முடியாதுன்னா சொல்லிருங்க. வேற ஆளைப் போடுவாங்க. அந்த ஆளுக்கு இவங்க பேர்கூடத் தெரியாது."

டீயை அவர் குடிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கிப் போனார். அவர் இப்படிப் போவதைப் பார்க்க வேண்டும் என்று அவள் எத்தனையோ நாள் படுக்கையில் நினைத்ததுண்டு. ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. தோற்றது அவர்தான், ஆனால் கையில் இருந்ததை அவள் கையில் திணித்துவிட்டுப் போகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை நாற்பது தாள்கள் வந்தன. அதே முப்பத்தாறு கேள்விகள். பக்கத்தில் அவள் பெயரும் கையெழுத்துக்கு இடமும்.

கனகசபாபதியிடம் போனாள். அவருக்குத் தெளிவாகப் பேச வரும், பதில்தான் கணக்கில் வராது. நான் சொல்லி என்ன, நீங்க எழுதறதுதானே என்றார். கவலை வருகிறதா என்று கேட்டாள். உங்களைப் பார்த்தா வருது என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் அவருக்கு முழு மதிப்பெண் போட்டாள். நியாயத்துக்காகப் போட்டாளா, அந்த நனைந்த படுக்கைக்காகப் போட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. போட்டவுடன், அந்த இடம் இன்னொருவருக்கு இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

முபாரக்கின் தாளோடு ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தாள். சபீனா கண்ணாடிக்கு வெளியே நின்றாள்.

"முபாரக் தம்பி, மறுபடியும் நடைக்கூட்டுல ஏறணும்னு இருக்குதா?"

"ஆமா."

"போதும், விட்டுருங்கன்னு இருக்குதா?"

"ஆமா."

அவன் கண்ணைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், புருவத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு கேள்வியையும் மூன்று விதமாகத் திருப்பிக் கேட்டாள். ஆமா என்கிறவனின் முகத்தில் கோபம் இருந்ததா, சலிப்பு இருந்ததா, அல்லது ஒன்றுமேயில்லையா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. முப்பத்தாறு கட்டத்தையும் அவளே நிரப்பினாள். சிகிச்சையைத் தொடர விருப்பம் உண்டு என்று வருமாறு நிரப்பினாள். அவனுக்கு அது வேண்டுமா என்பது அவளுக்குத் தெரியாது. அவன் எழுந்து நடப்பது அவளுக்கு வேண்டியிருந்தது.

புதன்கிழமைக்குள் பதினாறு பேரை இருபதுக்குக் கீழே எழுதி முடித்தாள். வயதைப் பார்த்து எழுதினாள், பார்க்க யாரும் வராதவர்களாகப் பார்த்து எழுதினாள். கடைசி மூன்று பேருக்கு அப்படி ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, விதிப்படி, அதே தாள்கள் மறுபடி வந்தன. குழு முதலாவதையும் இரண்டாவதையும் ஒப்பிட்டு எண் போட்டது. புள்ளி ஒன்பது எட்டு. மாநிலத்தில் இதுவரை இவ்வளவு நம்பகமான மதிப்பீடு வந்ததில்லை என்று அவளைப் பாராட்டிக் கடிதம் எழுதியது, மற்ற மையங்களுக்கும் இந்த முறையையே பரிந்துரைத்தது.

இரண்டாவது முறை கோகிலவாணி யாரிடமும் எதையும் கேட்கவில்லை. முதல் முறை எழுதியது அவளுக்கு நினைவிருந்தது.